துரை கேட்ட சட்டம்

ஓர் ஆற்றின் மேல்கரையில் ஒரு காடு, கீழ்கரையில் ஒரு காடு. மேல்கரையைச் சிறுத்தைத் துரை ஆண்டுவந்தார். கீழ்கரையில் கூரம்மா என்ற முள்ளம்பன்றி நீதிபதியாக இருந்தாள். இரண்டு காடுகளுக்கும் சேர்த்து ராஜா ஒரு சிங்கம்.

அந்தச் சிங்கத்தை இரண்டு கரையிலும் யாரும் பார்த்ததில்லை. அது ஏழு மலைகளுக்கு அப்பால் இருந்தது. இந்த ஆற்றுத் தண்ணீரை ஒரு வாய்கூட அது குடித்ததில்லை. ஆனாலும் இங்கே யார் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று அங்கிருந்து ஓலை வரும். ஓலையின் முனையில் சிங்கத்தின் பிடரி மயிர் ஒன்று முடிச்சுப் போட்டிருக்கும். அதுதான் முத்திரை. துரைக்கும் நீதிபதிக்கும் வருஷத்துக்கு ஏழு வெற்று ஓலைகள் இப்படி முடிச்சோடு வந்துசேரும். அதில் எழுதினால் சிங்கமே எழுதியது போல.

கூரம்மா பன்னிரண்டு மழைக்காலமாக நீதிபதி. ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. முள்ளை உயர்த்தினாலே போதும், கூட்டம் அடங்கிவிடும். தீர்ப்பு எழுத வேண்டுமென்றால் தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கிக்கொள்வாள். “சுருக்குன்னு வலிக்கும். வலிச்சாத்தான் யோசிச்சு எழுதுவோம்” என்பாள்.

சிங்கம் போட்ட சட்டங்களில் ஒப்படைப்புச் சட்டம் என்று ஒன்று இருந்தது. ஒரு கரையில் குற்றம் செய்துவிட்டு மறுகரைக்கு ஓடி வந்தவரை, குற்றம் நடந்த கரையார் ஓலை அனுப்பிக் கேட்டால், பிடித்து ஒப்படைக்க வேண்டும். ஆனால் குற்றத்தைக் கண்ணால் பார்த்த சாட்சி இருந்தால்தான் ஒப்படைக்கலாம். கடைசி வரி இது: ‘இக்கரைக்கு எதுவோ அக்கரைக்கும் அதுவே.’

ஒரு மாசி மாதக் காலையில் பொடிச்சி என்ற சருகுமான் ஆற்றை நீந்திக் கீழ்கரைக்கு வந்தாள். முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். நான்கு குச்சிக் கால்கள். மூச்சிரைக்கக் கரையேறி நிமிர்ந்தால், எதிரே மேல்கரையின் குமாஸ்தா நரி நின்றுகொண்டிருந்தது! அவள் நீந்தி முடிப்பதற்குள் அது ஒரு காட்டெருமையின் முதுகில் ஏறி முன்னாலேயே வந்துவிட்டது.

“நீதிபதியம்மா, வணக்கம்! இதோ ஓலை. இந்தக் குற்றவாளியைத் துரை கேக்குறார். உடனே ஒப்படைங்க!”

கூரம்மா ஓலையை வாங்கிப் பார்த்தாள். “குற்றம் என்ன?”

“துரை நடந்து வரும்போது தலை குனியல. நேருக்கு நேரா முறைச்சுப் பார்த்தா!”

“எங்க கரையில பார்க்கறது குற்றமில்லையே. இங்க குற்றமில்லாததுக்கு நான் எப்படி ஒப்படைக்கிறது? ஓலை செல்லாது.”

நரி அசரவில்லை. தோள்பையில் கையை விட்டு இன்னொரு ஓலையை எடுத்தது. “அப்படீன்னா இது. துரையோட அத்திப்பழத்தைத் திருடிட்டா!”

“பார்த்த சாட்சி?”

“நானேதான்! கண்ணாலே பார்த்தேன். மரத்துல ஏறி, உச்சாணிக் கிளையில உக்காந்து, பழத்தைப் பறிச்சுத் தின்னா.”

கூரம்மா பொடிச்சியின் குச்சிக் கால்களைப் பார்த்தாள். பிறகு நரியைப் பார்த்தாள். “மரத்துல ஏறினாளா? சரி, பக்கத்துல வேங்கை மரம் நிக்குது. பொடிச்சி, கொஞ்சம் ஏறிக் காட்டும்மா.”

பொடிச்சி முன்கால்களை மரத்தில் வைத்தாள், வழுக்கி விழுந்தாள். மேலே இருந்த குரங்குகள் சிரித்த சிரிப்பில் இலை உதிர்ந்தது.

“இதுவும் செல்லாது” என்றாள் கூரம்மா.

நரியின் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் மூன்றாவது ஓலையை எடுத்தது. “குற்றத்தைப் பின்னால எழுதி அனுப்புவோம். அதுவரைக்கும் இவளைப் பிடிச்சு வைக்கணும். பதினஞ்சு நாள். சட்டத்துல இருக்கு!”

இருக்கத்தான் செய்தது. கூரம்மா வேறு வழியில்லாமல் பொடிச்சியை ஈச்ச முள்வேலிக்குள் நிறுத்தினாள். நரி எருமை முதுகில் ஏறிக்கொண்டு கிளம்பியது.

வருஷத்துக்கே ஏழு ஓலைதான். அதில் மூன்றை ஒரே காலையில், ஒரு சருகுமானுக்காக, துரை செலவழித்துவிட்டார். அவருக்கு இவளிடம் ஏதோ பெரிய பயம் இருக்கிறது என்று கூரம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

“உண்மையைச் சொல்லு. நீ என்ன செஞ்சே?”

“ஒண்ணும் செய்யலைங்க, பார்த்தேன்! ஐப்பசி அடைமழையில துரை இந்தக் கரையிலிருந்து நீந்தி வந்தார். வாயில ஒரு கடமான் குட்டி. நாலு மாசம் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். போன வாரம் ஒரு மைனாகிட்டச் சொல்லித் தொலைச்சுட்டேன். மைனா வாயைப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே!” என்று பொடிச்சி ஒரே மூச்சில் கொட்டினாள். “என்னை அங்க அனுப்பினா சாயங்காலம் வரைக்கும்கூட உசுரோட இருக்க மாட்டேன்.”

கூரம்மாவின் முதுகில் முட்கள் சிலிர்த்தன. அந்தக் குட்டியை அவளுக்குத் தெரியும். செம்பி என்ற கடமானின் குட்டி அது. செம்பியின் புகார் ஓலை நாலு மாதமாக மரப்பொந்தில் கிடக்கிறது. ‘கொட்டுகிற மழையில் கண் தெரியவில்லை. பின்னங்காலால் உதைத்தேன். குளம்பு எதன் மண்டையிலோ, கண்ணோரமாகப் பட்டது. அவ்வளவுதான் தெரியும்.’ கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லாததால் கூரம்மாவால் ஒரு ஓலைகூட அனுப்ப முடியவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி செம்பி வந்து “ஏதாவது தெரிஞ்சுதாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போவாள்.

“இப்ப நான் சொன்னேனே, எழுதிக்கங்க!” என்றாள் பொடிச்சி.

“எழுத முடியாது. பிடியில இருக்கிறவங்க சொல்றது சாட்சி ஆகாது. அதுவும் சட்டம்தான். விடுதலை ஆன பிறகு சொன்னாத்தான் செல்லும்.”

“அப்ப வேலியைத் திறந்து விடுங்க, ஓடிப்போறேன்!”

“ஓடினா ஆயுசுக்கும் நீ குற்றவாளி. உன் பேச்சை எந்தக் கரையும் கேக்காது. பொறுத்திரு. என்னை நம்பு.”

பொடிச்சிக்கு அழுகையாக வந்தது. ஆனாலும் வேலிக்குள் மடங்கிப் படுத்துக்கொண்டாள். கூரம்மா ஒரு கைப்பிடி நெல்லிக்காயை உள்ளே உருட்டிவிட்டுப் போனாள்.

மேல்கரையில் துரை கொதித்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது கண்ணுக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. கோபம் வந்தால் அது சிவந்துவிடும். யானையோடு மோதியதில் வந்த தழும்பு என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். எந்த யானையும் இதை ஒத்துக்கொள்ளவில்லை.

“சாட்சி, சாட்சி, சாட்சி! அந்த முள்ளுமூட்டைக்கு வேற பேச்சே தெரியாதா? சாட்சிங்கிற வரி இருந்தாத்தானே கேப்பா? அந்த வரியையே எடுத்துட்டா?” என்று துரை உறுமினார்.

உடனே பருந்து ஒன்று ஏழு மலைகளுக்கு அப்பால் பறந்தது. ‘மகாராஜா! குற்றவாளிகள் பெருகிவிட்டார்கள். சாட்சி தேடுவதற்குள் தப்பிவிடுகிறார்கள். முத்திரை ஓலை ஒன்றே போதும் என்று சட்டத்தை மாற்றுங்கள்’ என்று துரை எழுதியிருந்தார். இந்தக் காட்டின் ஒரு மரத்தைக்கூடப் பார்த்திராத சிங்கம், கொட்டாவி விட்டபடி சரி என்றது. ஆனால் வழக்கம்போல ஒன்றைச் சேர்த்தது: ‘இரு கரையாரும் கைநாட்டு வைத்த பிறகே இது செல்லும். இரு கரையாரும் சேர்ந்து நீக்கினால் நீங்கும்.’

பன்னிரண்டாம் நாள் காலையில் நரி புதுச் சட்டத்தோடு வந்து இறங்கியது. அதில் துரையின் பாதம் ஏற்கெனவே பதிந்திருந்தது. செய்தி பரவிக் கீழ்கரையே வேங்கை மரத்தடியில் கூடிவிட்டது. செம்பியும் வந்து நின்றாள்.

நரி குரலெடுத்து வாசித்தது. “இனிமேல் சாட்சி தேவையில்லை! முத்திரை ஓலையில் பேரும் குற்றமும் இருந்தால் போதும். மூன்றாம் நாள் உச்சிப்பொழுதுக்குள் ஒப்படைக்க வேண்டும். இக்கரைக்கு எதுவோ அக்கரைக்கும் அதுவே!”

“வைக்காதீங்கம்மா!” என்று குரங்குகள் கத்தின. “கைநாட்டு வைக்காதீங்க!”

கூரம்மா ஓலையை வாங்கினாள். ஒருமுறை படித்தாள். கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை படித்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது.

பிறகு முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினாள். கையெழுத்தைப் போட்டுவிட்டாள்!

வேலிக்குள்ளிருந்து பொடிச்சி பார்த்த பார்வை கூரம்மாவை முள்ளைவிட மோசமாகக் குத்தியது. ‘என்னை நம்பச் சொன்னீங்களே’ என்று கேட்கிற பார்வை அது.

மரங்கொத்தி இரு கரையிலும் மூன்று முறை தட்டியது. புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. நரி நாலாவது ஓலையை நீட்டியது. பேர் பொடிச்சி, குற்றம் திருட்டு.

“மூணாம் நாள் உச்சிப்பொழுது. எருமைப்படையோட வந்து கூட்டிட்டுப் போறோம்!”

“வாங்க, தாராளமா வாங்க” என்றாள் கூரம்மா. அப்படியே இன்னொரு முள்ளைப் பிடுங்கித் தன் முத்திரை ஓலைகளில் ஒன்றில் நாலு வரி எழுதினாள். மடித்துக் கட்டி நரியிடம் கொடுத்தாள். “இதை உங்க எருமைப்படைத் தலைவர் கையில கொடுத்துடு.”

சருகுமானைக் கூட்டிப்போகும் ஏற்பாடாக இருக்கும் என்று நரி நினைத்துக்கொண்டது. பிரித்துப் பார்க்கவில்லை. ஜெயித்த மிதப்பில் அதற்கு அது எங்கே தோன்றும்?

அன்று மாலை செம்பி தயங்கித் தயங்கி வந்தாள். “அந்தப் புள்ளையை அனுப்பிடுவீங்களாம்மா? என் குட்டி மாதிரியே இருக்கா. அந்த வயசுதான்.”

“மூணாம் நாள் ஆத்தங்கரைக்கு வா, செம்பி” என்று மட்டும் சொன்னாள் கூரம்மா.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுது. மேல்கரையிலிருந்து காட்டெருமைகள் ஆற்றில் இறங்கின. பத்து எருமைகள் வட்டமாக நீந்தி வந்தன. வட்டத்துக்கு நடுவில் ஒரு தலை தெரிந்தது. இடது கண்ணுக்கு மேலே தழும்பு!

“ஐயோ, துரையே வர்றாரு! நேர்லயே வந்து கூட்டிட்டுப் போகப்போறாரு!” என்று பொடிச்சி நடுங்கினாள்.

ஆனால் துரை வந்த தோரணை அப்படி இல்லை. நனைந்து, மண் அப்பி, பக்கத்துக்கு ஒரு கொம்பு இடிக்க நடந்து வந்தார். எருமைத் தலைவன் முன்னால் வந்து வணங்கினான்.

“நீதிபதியம்மா, உங்க ஓலை வந்துச்சு. பேரு சிறுத்தை, குற்றம் குட்டியைத் தூக்கினது. முத்திரை இருந்துச்சு. பிடிச்சுட்டு வந்துட்டோம்.”

“முட்டாப் பசங்களா! நான் உங்க துரைடா!” என்று துரை கர்ஜித்தார்.

“எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றான் எருமைத் தலைவன் அப்பாவியாக. “‘ஏன் எதுக்குன்னு கேக்காதே, முத்திரையை மட்டும் பாரு’ன்னு எட்டு வருஷமா நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். துரை கூரம்மாவின் பக்கம் திரும்பினார்.

“அநியாயம்! என்னைப் பிடிக்கிறதுக்குச் சாட்சி எங்க? பார்த்தது யாரு? சாட்சி இல்லாம ஒருத்தனை எப்படிப் பிடிக்கலாம்?”

“புதுச் சட்டம் துரை. சாட்சி வேண்டாம்னு கேட்டு வாங்கினது நீங்கதான்.”

“நான் பொடிசுங்களுக்காகக் கேட்டேன்! எனக்காகவா கேட்டேன்?”

“ஓலையில அப்படி எழுதலையே. ‘இக்கரைக்கு எதுவோ அக்கரைக்கும் அதுவே’ன்னு இருக்கு. அந்த வரியைச் சிங்கமும் எடுக்கல, நீங்களும் எடுக்கச் சொல்லல” என்றாள் கூரம்மா. குரல் எப்போதும்போல நிதானமாகவே இருந்தது. “பழைய சட்டம் இருந்தா நான் இந்த ஓலையை அனுப்பியிருக்கவே முடியாது. உள்ளதைச் சொல்றேன்.”

துரை சுற்றிலும் பார்த்தார். எருமைகள் நகரவில்லை. நரி ஒரு புதருக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டிருந்தது.

“அப்படீன்னா பழைய சட்டத்தையே திரும்பக் கொண்டு வா! சாட்சி இருந்தாத்தான் ஒப்படைக்கலாம்னு எழுது! இப்பவே எழுது!”

“ரெண்டு கரையும் சேர்ந்து நீக்கினா நீங்கும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க துரை. அப்புறம் மாத்தக் கூடாது.”

“என்ன யோசனை வேண்டிக்கிடக்கு? கொண்டா ஓலையை!”

துரை தன் பாதத்தை ஓங்கிப் பதித்தார். கூரம்மா ஒரு முள்ளைப் பிடுங்கினாள். சுருக்கென்று வலித்தது. அதை ஒரு கணம் பொறுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். மரங்கொத்தி இரு கரையிலும் மூன்று முறை தட்டியது. சாட்சி என்ற வரி திரும்பச் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

செம்பியால் தாங்க முடியவில்லை. “அப்ப இவனை விடப்போறீங்களா? கையில கிடைச்சும் விடப்போறீங்களா?”

“செம்பி, கொஞ்சம் பொறு. வழக்கு வரிசைப்படிதான் நடக்கும்” என்றாள் கூரம்மா. “முதல் வழக்கு, பொடிச்சி. குமாஸ்தா, புதர்லேருந்து வெளிய வா. இவ திருடினதுக்குச் சாட்சி உண்டா?”

நரி தலையைச் சொறிந்தது. “மரத்துல ஏறினதை... இல்லீங்க, சாட்சி இல்லீங்க.”

“சாட்சி இல்லை. பொடிச்சி விடுதலை!”

முள்வேலி திறந்தது. பொடிச்சி தயங்கித் தயங்கி வெளியே வந்தாள். காலடியில் புல் பட்டதும்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

“என்னையும் விடு! எனக்கும் சாட்சி இல்லை!” என்று துரை அவசரப்படுத்தினார்.

“அதைக் கேக்கிறதுதானே என் வேலை?” கூரம்மா கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்தாள். “ரெண்டாவது வழக்கு. ஐப்பசி அடைமழையில செம்பியோட குட்டியைத் தூக்கிப் போனவரைக் கண்ணால பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?”

பொடிச்சி துரையைப் பார்த்தாள், செம்பியைப் பார்த்தாள். ஒரு காலைத் தூக்கித் தரையில் ஓங்கித் தட்டினாள்.

“நான் பார்த்தேன்!”

“அவ குற்றவாளி! அவ பேச்சு செல்லாது!” என்று துரை அலறினார்.

“இப்ப ஒரு நிமிஷம் முன்னால வரைக்கும் செல்லாது. இப்ப செல்லும். சொல்லும்மா.”

“மேல்கரையில நாணல்ல ஒதுங்கியிருந்தேன். துரை நீந்தி வந்து கரையேறினார். வாயில கடமான் குட்டி. இடது கண்ணுக்கு மேலே ரத்தம் ஒழுகிட்டு இருந்துச்சு. மழைத்தண்ணி கழுவக் கழுவ ஒழுகுச்சு.”

கூரம்மா மரப்பொந்திலிருந்து செம்பியின் புகார் ஓலையை எடுத்து வாசித்தாள். ‘பின்னங்காலால் உதைத்தேன். குளம்பு எதன் மண்டையிலோ, கண்ணோரமாகப் பட்டது.’ நாலு மாதத்துக்கு முன் எழுதிய ஓலை. பொடிச்சி அதைப் பார்த்ததே இல்லை. செம்பி இன்றுவரை பொடிச்சியோடு ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

எல்லோருடைய கண்ணும் துரையின் இடது கண்ணுக்கு மேலே போய் நின்றது. தழும்பு சிவந்திருந்தது. யானை எதுவும் வந்து அதற்குப் பொறுப்பேற்கவில்லை.

சிறுத்தை பாய்வதற்குப் பதுங்கியது. பத்து எருமைகளும் ஓரடி முன்னே வைத்தன. கூரம்மா முதுகு முட்களை முழுக்க விரித்து எதிரே நின்றாள். சிறுத்தை அப்படியே தரையோடு படுத்துவிட்டது. இனிமேல் அதைத் துரை என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை.

“சாட்சி இருக்கு. குற்றம் நிரூபணம் ஆயிடுச்சு” என்றாள் கூரம்மா. “இவரை ஏழு மலைக்கு அப்பால, பதவி கொடுத்த சிங்கத்துகிட்டயே கொண்டுபோய் விடுங்க. ரெண்டு கரையிலயும் இனி இவர் கால் படக் கூடாது. குமாஸ்தா, எழுது.”

“எழுதறேங்க, எழுதறேங்க! என்ன சொன்னாலும் எழுதறேன்!” என்று நரி ஓடி வந்தது. அன்றைக்கு அதன் கையெழுத்து மணிமணியாக இருந்தது.

எருமைகள் சிறுத்தையை நடுவில் விட்டுக்கொண்டு மலைப்பாதையில் ஏறின. செம்பி நின்ற இடத்திலேயே நின்று அழுதாள். நாலு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை அது. பொடிச்சி அவளருகே போய் நின்றாள். செம்பி குனிந்து அவள் நெற்றியை நக்கிக்கொடுத்தாள்.

பிறகு பொடிச்சி கூரம்மாவிடம் வந்தாள். “கையெழுத்துப் போட்டப்ப உங்களை ரொம்பத் திட்டிட்டேங்க, மனசுக்குள்ள.”

“திட்டலைன்னாத்தான் ஆச்சரியம்!” என்று சிரித்தாள் கூரம்மா. “போ, இருட்டறதுக்குள்ள ஆத்தைக் கடந்து வீட்டுக்குப் போய்ச் சேரு. தலை நிமிர்ந்து நேராப் பார்த்து நட. இனிமேல் அதுக்காக யாரும் உன்னைப் பிடிக்க மாட்டாங்க.”

எளியவரைப் பிடிப்பதற்காகச் சட்டத்திலிருக்கும் பாதுகாப்பை எடுத்தெறிகிறவர்கள், தங்களுக்கு அது தேவைப்படும் நாளில் வெறுங்கையோடுதான் நிற்பார்கள்.